சிரிக்க அல்ல, சமைக்க

கார்டூன் என்று தமிழில் எழுதினால் எல்லோருக்கும் கேலிச்சித்திரம்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் நடு எழுத்து ஒன்று மாறினால் அது ஒரு காய்கறி. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் குளிர்காலச் சமையலில் சேரும் தண்டு. வெளிநாடு போய்வந்த உறவினர் சாக்லேட்டோடு இதன் விதைப் பாக்கெட்டையும் நீட்டினால் என்ன செய்வது?

முதலில், செடி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். சூரியகாந்தி, சாமந்திக் குடும்பத்து முட்செடி இது. நட்சத்திர ஓட்டல்களில் பரிமாறும் ஆர்ட்டிச்சோக்கும் இதுவும் ஒரே இனம். மத்தியதரைக் கடலோர விவசாயிகள் ஒரே காட்டுச் செடியிலிருந்து மொட்டுக்காக ஒன்றையும், சதைப்பற்றான இலைக்காம்புக்காக மற்றொன்றையும் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். வெள்ளி பூசியதுபோல் சாம்பல் நிற இலைகள். பூக்கும்போது ஆள் உயரம்.

குளிர் இல்லாமல் இது தேறாது. சென்னை, மதுரைக்காரர்கள் ஆசையை விட்டுவிடலாம். டெல்லி, சண்டிகர் போன்ற ஊர்களில் அக்டோபரில் விதைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் தண்டு பார்க்கலாம். ஆணிவேர் ஆழமாகப் போகும். பிடுங்கி நடுவது பிடிக்காது. எனவே நிலத்திலேயே, மூன்று நான்கு அடி இடைவெளியில், குழிக்கு இரண்டு மூன்று விதையாகப் போட்டு, பிறகு வலுவான ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். மாடித் தோட்டம் என்றால் பூந்தொட்டி போதாது. பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம் வேண்டும். நல்ல வெயில், மக்கிய எரு, தண்ணீர் தேங்காத மண். தண்ணீரை விட்டுவிட்டு ஊற்றினால் தண்டு நார் பாய்ந்துவிடும். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும்.

முக்கியமான வேலை அறுவடைக்கு மூன்று நான்கு வாரம் முன்பு வருகிறது. இலைகள் ஈரமில்லாத ஒரு நாளில் முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து, இலைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுங்கள். நுனியை மட்டும் வெளியே விட்டு, சாக்கையோ தடித்த காகிதத்தையோ சுற்றி, அடியில் மண் அணையுங்கள். வெளிச்சம் படாத தண்டு வெளுக்கும், கசப்புக் குறையும், மென்மையாகும். இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், நீட்சா மோன்ஃபெராட்டோ ஊரில், செடியையே வளைத்து மண்ணில் மூடி விடுகிறார்கள். கூன் விழுந்து வரும் அந்தத் தண்டுக்குக் 'கூனன்' என்றே பெயர்.

சமையல் முறை நமக்குப் புதிதல்ல. வாழைத்தண்டை நார் எடுத்து மோரில் போடுகிறோமே, அதே கதை. முள்ளையும் இலையையும் சீவி, நாரை உரித்து, கறுக்காமல் இருக்க எலுமிச்சை பிழிந்த நீரில் போட வேண்டும். வேகத்தான் நேரமாகும், அரை மணி நேரமாவது ஆகும். ஸ்பெயினில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பாதாம் அரைத்த குழம்பில் சேர்ப்பார்கள். நாம் கூட்டாகச் செய்துபார்க்கலாம்.

இதுவரை சொன்னது தோட்டக்காரரின் லாபம். ஊருக்கு நஷ்டம் வரும் வழி ஒன்றும் உண்டு. விதைகளின் தலையில் பஞ்சுக் குடை இருக்கும். காற்று போகும் இடமெல்லாம் விதையும் போகும். தென் அமெரிக்காவுக்கு ஐரோப்பியர் கொண்டுபோன செடி இது. இன்று உருகுவே என்று அழைக்கப்படும் பகுதியை 1833இல் கடந்துபோன சார்லஸ் டார்வின், மனிதரும் மாடும் நுழைய முடியாதபடி பல நூறு சதுர மைல் இந்த முள் மண்டிக் கிடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது களை.

நமக்கு இந்த அனுபவம் உண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த பார்த்தீனியம் 1950களில் புனேயில் கண்ணில் பட்டது. இன்று நாடெங்கும் சாலையோரங்களில் நின்று தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தருகிறது. கார்டூனுக்கு டெல்லிக் கோடை ஓரளவு கடிவாளம் போடும். ஊட்டி, கொடைக்கானல், சிம்லாவில் அந்தக் கடிவாளமும் இல்லை.

ஆகவே இரண்டு விதிகள். ஒன்று, 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி, வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டிக்குள் ஒளிந்து வந்த பாக்கெட்டை மண்ணில் போடாதீர்கள். இங்குள்ள விதை வியாபாரியிடம் கிடைத்தால் வாங்குங்கள். இரண்டு, எந்தப் பூவையும் விதை கட்ட விடாதீர்கள்.

பூவை வெட்ட மனம் வரவில்லையா? போர்ச்சுகலில் இந்த ஊதாப் பூவை உலர்த்தி, அதன் சாற்றால்தான் செம்மறியாட்டுப் பாலை உறையவைத்து செர்ரா த எஷ்ட்ரேலா பாலாடைக்கட்டி செய்கிறார்கள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் அதற்குத் தேவையில்லை. அழகு பார்த்தபின் நீங்களும் உலர்த்தி வைக்கலாம். பத்து பூ பூத்தால் பத்தையும் வெட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒன்பதோடு நிறுத்தினால், பத்தாவது பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் முளைக்கும்.