சட்டம் வந்தது, விலங்கு அகன்றதா?

இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், 2001-ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்கள் 6-ஆம் நாள் விடியற்காலையில், மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. அங்கிருந்தோருள் 28 பேர் மாண்டனர். தீக்கண்டார் ஓடித் தப்புவர். கால் பிணிக்கப்பட்டார் எங்ஙனம் ஓடுவர்? அவர்களைக் கொன்றது தீ. தப்பவொட்டாமற் செய்தது இரும்பு விலங்கு.

அன்று சட்டம் இல்லாமலில்லை என்பதை முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மனநோயாளர் இல்லம் நடத்துவார் அரசின் இசைவு பெற்றே நடத்தல் வேண்டுமென 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியிருந்தது. மனநோயாளரையும் உடற்குறையுற்றாரோடு ஒருங்கு வைத்து, 1995-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை வழங்கியிருந்தது. சட்டங்கள் ஏட்டில் இருந்தன. இசைவு பெறா இல்லங்கள் ஏர்வாடியில் இருந்தன. இரண்டுக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய அரசின் கண்தான் அங்கில்லை!

நோயுற்றாரை அங்குக் கொண்டுபோய் விட்ட பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் மட்டும் பழித்துப் பயனென்ன? அருகில் மருத்துவரில்லை, தொலைவு சென்று பார்க்கக் கையில் பொருளில்லை, ஊரார் ஏளனமோ பொறுக்கவியலவில்லை. போக்கற்றார் தர்காவை நாடினர். அந்நம்பிக்கையை எள்ளுதலும் அறமன்று. ஏர்வாடித் தர்காவிலேயே வேண்டுதலோடு மருந்தும் கிடைக்கத் தமிழ்நாட்டரசு பின்னர் வழிசெய்தது. அதனை முன்னரே செய்திருந்தால் எத்துணை உயிர்கள் எஞ்சியிருக்கும்!

இற்றைச் சட்டங்கள் முன்னவற்றினும் வலியன. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணிகளில் நூற்றுக்கு 4 இடங்களை ஒதுக்கியது. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் விலங்கிடலாகாதெனத் தெளிவுறத் தடுத்தது. மருத்துவம் பெறுதலை அவர்தம் உரிமையாக்கியது. குடும்பம் கைவிட்டது என்பதற்காகவே ஒருவரை மருத்துவமனையில் வைத்திருத்தல் ஆகாதென்றும் விதித்தது. எனினும், ஏர்வாடித் தீக்குப் பதினேழு ஆண்டுகள் கழிந்து, 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், உத்தரப்பிரதேசத்துப் பதாவூனில் மனநோயாளர் விலங்கிடப்பட்டிருந்த கொடுமை உச்சநயன்மன்றத்தின்முன் வந்தது. அது மாந்தத் தன்மையற்ற செயலென மன்றம் மீண்டும் கூற நேர்ந்தது. சட்டம் எழுதிய கை ஓய்ந்துவிட்டது. சட்டத்தைச் செயற்படுத்த வேண்டிய கை இன்னும் எழவில்லை என்பதன்றி இதற்கு வேறு பொருளுண்டோ?

பொருட்காப்பின் நிலையும் இஃதே. வறுமைக் கோட்டின்கீழ் வாழ்வாருள், நூற்றுக்கு 80 பங்கும் அதற்கு மேலும் குறைபாடுடையார்க்கே நடுவணரசின் உதவித்தொகை உண்டு. 2012-இல் திங்களுக்கு 300 உருபா எனப்பெற்ற அத்தொகை, பத்தாண்டு கடந்தும் உயர்த்தப்படவில்லை. நாளொன்றுக்குப் பத்து உருபா! அரிசி விலை ஏறியதை அறிந்த அரசு, பசி ஏறியதை அறியாதது ஏன்?

தமிழன்பர்களே! ‘ஊனர்’ என்னும் இழிசொல் நீங்கி ‘மாற்றுத்திறனாளர்’ என்னும் சொல் வழக்கூன்றியது நன்றே. ஆயின், சொல்லை மாற்றிய அளவில் நம் கடமை முடிந்துவிடாது. உங்கள் ஊரில் மனநோயுற்றார் ஒருவர் கட்டிவைக்கப்பட்டாலோ, கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானாலோ காவல்நிலையத்தில் தெரிவியுங்கள். அதனை உடனே குற்றவியல் நடுவர்க்கு அறிவித்தல் காவற்பொறுப்பாளரின் கடமையென அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. குறைபாட்டுச் சான்றிதழ் இல்லாமையால் உதவி இழந்து நிற்பாரை மாவட்ட அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.

அவர்கள் நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை. தமக்குச் சட்டம் தந்ததையே கேட்கின்றனர். கொடுக்க மறுப்பார் எவராயினும், அவர்முன் அச்சட்டத்தை எடுத்து நீட்டும் கை நம் கையாகட்டும்!