பார்ட் டைம் சிப்பாய்களும் வெலிங்டன் யானையும்

குன்னூர் தாண்டினதும் ஊட்டி ரயில் நிக்கிற அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். பெரும்பாலும் யாரும் கண்டுக்க மாட்டோம். வர்க்கி பாக்கெட்டைப் பிரிக்கிறதுலயே பிஸியா இருப்போம். போன தடவை ஆபீஸ் நண்பர்களோட போனப்ப, "இங்கதான் மதராஸ் ரெஜிமென்ட்டோட தலைமையிடம் இருக்கு"ன்னு சொன்னேன். கூட வந்தவன் கேட்டான்: "நம்மாளுங்க ரெஜிமென்ட்டா? இட்லி சாம்பார் சாப்பிட்டுட்டு சண்டையெல்லாம் போடுவாங்களாடா?"

எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். அப்புறம் வீட்டுக்கு வந்து கொஞ்சம் படிச்சப்பதான் புரிஞ்சது, அந்த ஜோக்குக்கு வயசு நூத்தி இருபதுக்கு மேல. அதை முதல்ல சொன்னது நம்ம ஆளே இல்லை.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1857ல் மதராஸ் ராணுவத்தில் மட்டும் 52 காலாட்படை ரெஜிமென்ட்கள் இருந்தன. 1803ல் அஸ்ஸாயேயில் மராத்தியப் படையை ஜெயிச்ச ஆர்தர் வெல்லஸ்லியின் படையில் பெரும்பங்கு மதராஸ் சிப்பாய்கள்தான். அந்த வெல்லஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் கோமகன். ஜக்கதலா என்றிருந்த ஊர் வெலிங்டன் ஆனது அவர் பேரால்தான். இன்னைக்கும் மதராஸ் ரெஜிமென்ட் சின்னத்தில் இருக்கிற யானை அஸ்ஸாயேயில் கிடைச்ச மரியாதை. ஊர்ப் பேர் தளபதிக்கு, சிப்பாய்க்கு ஒரு யானை!

அப்புறம் வந்தார் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தளபதி. கோடை வந்தா மதராஸ் சர்க்காரே ஊட்டிக்கு ஏறிடுற காலம் அது. பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதி ஆனார். தெற்கத்தி ஆளுக்குப் போர்க்குணம் போயிடுச்சு, வடமேற்குக்காரன்தான் சண்டைக்கு லாயக்குன்னு அவர் உறுதியா நம்பினார். 1897ல் வந்த தன் நினைவுக் குறிப்பிலும் அதையே எழுதினார். 'போர்க்குடிகள்' கொள்கைன்னு சொல்றாங்களே, அதுக்குப் பெரிய வக்கீல் இவர்தான்.

அவர் பக்கம் நியாயமே இல்லையான்னா, கொஞ்சம் இருக்கு. தெற்கில் ரொம்ப காலமா பெரிய போர் கிடையாது. சண்டையே பார்க்காத படைக்குத் துரு பிடிக்கத்தான் செய்யும். ஆனா துரு பிடிச்சா தேய்க்கணும். இவங்க 'இரும்பே மட்டம்'னு முடிவு கட்டிட்டாங்க. ரெஜிமென்ட்கள் ஒண்ணு ஒண்ணா கலைஞ்சன. மிச்சம் மீதியைச் சேர்த்து 1922ல் '3-வது மதராஸ் ரெஜிமென்ட்'னு ஆக்கினாங்க. சிக்கன நடவடிக்கையில் 1933க்குள் அதோட முழுநேரப் படைகளும் காலி. சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படை மட்டும் பெங்களூரில் தப்பிச்சது.

நான் சொல்ல வந்த விஷயமே இங்கதான். முழுநேரக்காரங்க போனப்புறமும் ஒரு சின்னக் கூட்டம் மிஞ்சியிருந்தது. 1920ல் ரெண்டு சட்டம் வந்தது. ஒண்ணு துணைப்படைச் சட்டம். இது ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும். நீலகிரியின் எஸ்டேட் துரைகள் துப்பாக்கி தூக்கின தன்னார்வப் படை இந்த வகையில் வந்தது. உள்ளூரைப் பார்த்துக்கிட்டா போதும். இன்னொண்ணு இந்தியப் பிராந்தியப் படைச் சட்டம். இது நம்மவர்களுக்கு. வேலை வெட்டி பார்த்துக்கிட்டே வருஷத்துக்குக் கொஞ்ச நாள் பயிற்சிக்குப் போகணும், கூப்பிட்டா வரணும். மதராஸ் ரெஜிமென்ட்டின் பேரை 1933க்கு அப்புறம் உயிரோட வெச்சிருந்தது இந்தப் பகுதிநேரப் படைப்பிரிவுகள்தான்.

ரெண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் போர்க்குடிக் கொள்கை மூட்டை கட்டி வைக்கப்பட்டது. 1941-42ல் பிராந்தியப் படைப்பிரிவுகளை முழுநேரப் படைகளா மாத்தி, அதுங்களை அடித்தளமா வெச்சு மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. பயிற்சி மையம் முதலில் மதுக்கரையில் இருந்தது, 1947ல் வெலிங்டனுக்கு ஏறியது. 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்கிற முழக்கம் இன்னைக்கும் அந்த மலையில் கேக்குது.

இது உலகத்துக்குப் புதுசும் இல்லை. பிரஷ்யாவை நெப்போலியன் நசுக்கி, 42,000 பேருக்கு மேல் ராணுவம் வெச்சுக்கக் கூடாதுன்னு கட்டுப்போட்டான். 1813 மார்ச்சில் அந்த ஊர் ராஜா 'லாண்ட்வேர்' என்கிற மக்கள் படையை அறிவிச்சார். 17 முதல் 40 வயசு வரை விவசாயி, குமாஸ்தா, கைத்தொழில்காரன் எல்லாம் சேர்ந்தாங்க. துப்பாக்கி பத்தாம ஈட்டியோட நின்னவங்களும் உண்டு. தொழில்முறை அதிகாரிகள் பலருக்கு அவங்களைப் பார்த்தா இளக்காரம்தான். ஆனா அதே வருஷம் லைப்சிக்கில் நெப்போலியன் தோத்தப்ப அந்த ஈட்டிக்காரர்களும் களத்தில் இருந்தாங்க. ஜெர்மானியர்கள் தங்கள் லாண்ட்வேர் ரெஜிமென்ட்களுக்குப் பக்கம் பக்கமா வரலாறு எழுதி வெச்சிருக்காங்க. நம்ம பகுதிநேரக்காரங்களுக்கு? பெரும்பாலான புத்தகங்களில் ஒரு வரி, அவ்ளோதான்.

என் ஆதங்கம் ராபர்ட்ஸ் மேல இல்லைங்க. அவர் அவரோட காலத்து ஆள். அவர் சொன்னதை ராணுவமே 1941ல் தூக்கிப் போட்டாச்சு. நாமதான் இன்னும் இட்லி ஜோக்கா அதைப் பத்திரமா வெச்சிருக்கோம். 'நாம சாஃப்ட்வேர்காரங்க, சண்டை வடக்கத்தியான் வேலை'ன்னு நாமளே சொல்லிக்கிறோம். ஒருத்தன் நம்மளை மட்டம்னு சொல்றது ஒரு கஷ்டம். அதையே நாம ஜோக்கா மாத்திச் சிரிக்கிறது பெரிய கஷ்டம்.

1949ல் தொடங்கின இன்றைய பிராந்திய ராணுவத்தில் மதராஸ் ரெஜிமென்ட்டோட 110-வது படைப்பிரிவு கோயமுத்தூரில் இருக்கு. வேலையில் இருக்கிற பட்டதாரி 18 முதல் 42 வயசுக்குள் அதிகாரியா சேர விண்ணப்பிக்கலாம். நான் சேரப்போறேன்னு பீலா விடலை, என் தொப்பை அதுக்கு இடம் கொடுக்காது :-)

ஆனா அடுத்த தடவை ரயில் வெலிங்டனில் நின்னா வர்க்கியைக் கொஞ்சம் கீழ வெச்சுட்டு, அந்த யானையோட கதையைப் பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட சொல்லப்போறேன். மொதல்ல அந்த இட்லி ஜோக்குக்காரன்கிட்ட.