கணக்கு காட்டினால் சலுகை கொடு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க வருகிறவர்கள் குடத்தில் ஓலையிட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறை பற்றிக் கேட்டு வியந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டிலேயே இன்னொரு விதியும் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் மறுபடி குடத்துக்குள் போகாது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம்.

அந்தக் கணக்கு விதி இன்றைய வரிச் சலுகைக்கும் தேவை. காடு வளர்க்கப் பணம் கொடுக்கும் தொழில் நிறுவனங்களுக்கு வருமான வரியில் கழிவு தரும் பிரிவு ஒன்று முன்பு இருந்தது. 35சிசிபி என்று பெயர். 2002 மார்ச்சுக்குப் பிறகு கொடுத்த பணத்துக்கு அந்தக் கழிவு கிடையாது. 2013 கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்களை லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொன்னது. மறு ஆண்டே அதை வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது என்று வரிச்சட்டம் திருத்தப்பட்டது. உத்திரமேரூர் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் அந்த 2 விழுக்காடு பொருந்தாது. அவர்கள் ஏரிக்கரையில் பனை விதை ஊன்றினால் கிடைப்பது ஒரு பொன்னாடை.

சலுகை திரும்ப வர வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. ஆனால் தோண்டிய குழிக்கும் நட்ட கன்றுக்கும் அல்ல, பிழைத்த செடிக்கு. கம்பெனிக் கணக்கு மார்ச்சில் முடிகிறது. கன்றுக்குச் சோதனை அதற்கப்புறம்தான், சித்திரை வெயிலில். 2023இல் வந்த மத்திய அரசின் பசுமைக் கடன் (கிரீன் கிரெடிட்) திட்டமும் முதலில் நட்ட எண்ணிக்கையைத்தான் பார்த்தது. 2025 திருத்தம் ஐந்தாண்டு பராமரிப்பையும் நிலத்தில் 40 விழுக்காட்டை மூடும் மரக்கவிகையையும் கேட்கிறது. முன்னேற்றம்தான். ஆனால் நம் பக்கத்துக் காடு காரையும் களாவும் சூரையும் மண்டிய புதர்க்காடு. அதற்கு ஏன் கவிகை அளவு? சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, ஆடு மேயாமல் நாலு வருடம் காத்தாலே பழைய செடிகள் தாமாகத் தலைதூக்கும். அந்த உழைப்புக்கும் கழிவு வேண்டும்.

கருவூலத்துக்கு இழப்பு என்பார்கள். கழிவை மொத்தமாகத் தராமல் ஐந்து பங்காக்கி, ஆண்டுதோறும் வனத்துறை பார்த்த பிறகு ஒவ்வொன்றாகத் தரட்டும். கல்குவாரிகளைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அனுமதி நிபந்தனைப்படி நட்டே ஆக வேண்டிய மரத்தைத் தொண்டு என்று காட்டி வரி குறைத்துக்கொள்ள அவர்களை விடக்கூடாது.

செலவுக் கணக்கையும் பிழைத்த செடிக் கணக்கையும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்த நிறுவனமே வந்து வாசிக்கட்டும். வராதவருக்கு அடுத்த பங்கு கிடையாது. வேறு பெயரில் தொடங்கிய துணை நிறுவனத்துக்கும் கிடையாது.