மஞ்சள் மாத்திரையும் திருவல்லிக்கேணியும்

ஆண்டுதோறும் அக்டோபர் 29ஆம் நாள் கடைப்பிடிக்கப்படும் உலக சொரியாசிஸ் தினத்தன்று, சிவந்த தடிப்புகளும் வெள்ளிநிறச் செதில்களுமாகத் தோன்றி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இந்நோய் தொட்டால் பரவாது என்னும் செய்தி வழக்கமாக எடுத்துரைக்கப்படுகிறது. அச்செய்தி உண்மையானது, சொல்லப்பட வேண்டியதும்கூட. ஆனால் நோய் உடலின் பெரும்பரப்பைப் பற்றிக்கொண்டு, களிம்புகளும் ஒளிச் சிகிச்சையும் பலன் தராமற்போய், நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரையை முதன்முறையாக விழுங்கவிருப்பவருக்கு இத்தகைய நாள்களில் ஒரு சொல்லும் கிடைப்பதில்லை என்பது பெருங்குறை.

அந்த மாத்திரை பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். நலமான தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் எடுத்துக்கொள்ள, சொரியாசிஸில் நோயெதிர்ப்பு அணுக்களின் தூண்டுதலால் அதே வேலை சில நாள்களிலேயே நடந்து முடிவதால்தான் செதில்கள் குவிகின்றன. அத்தூண்டுதலைத் தணிப்பதே இம்மருந்தின் பணி. தொடங்குமுன் இரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலை, மஞ்சள் காமாலை வைரசுகள், காசநோய் ஆகியன சோதிக்கப்படுகின்றன. கருவுற்றவருக்கும் கருத்தரிக்க எண்ணுபவருக்கும் இது தரப்படுவதில்லை, மதுவும் விலக்கு. பலன் கண்ணுக்குத் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

இவை எல்லாவற்றையும்விட முதன்மையான விதி ஒன்றுண்டு: இம்மாத்திரையைத் தினமும் போடக்கூடாது, வாரத்தில் ஒரு நாள் மட்டுமே போட வேண்டும். மருந்துச்சீட்டு நோயாளியின் மொழியில் எழுதப்பட வேண்டும். அதற்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. சீட்டில் மருந்தின் பெயருக்கு எதிரே, காலை, மதியம், இரவு என்னும் வரிசையில், 1-0-0 என்று எழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கிப் பழகியவர் அதைக் கண்டவுடன் தினமும் காலையில் ஒன்று என்றே கொள்வார். மருந்துக்கடையில் காகித உறையின் மேல் பேனாவால் குறித்துக் கொடுப்பவரும் அவ்வாறே கொள்ளக்கூடும். பக்கத்தில் ஆங்கிலத்தில் கிறுக்கப்பட்டிருக்கும் ‘வாரம் ஒருமுறை’ என்னும் குறிப்பு இருவர் கண்ணிலும் படாமற்போனால், சில நாள்களிலேயே வாய் முழுதும் புண்ணாகி உணவு விழுங்க முடியாமற்போகிறது, தோலின் பழைய தடிப்புகளே வெடித்து இரணமாகின்றன, எலும்பு மஜ்ஜை ஒடுங்கி வெள்ளணுக்கள் சரிகின்றன, காய்ச்சல் தொடங்குகிறது. ஃபோலினிக் அமிலம் என்னும் மாற்று மருந்து உண்டு எனினும் அது காலம் தாழ்ந்தால் உயிரைக் காக்காது. இத்தவற்றால் நேர்ந்த இறப்புகள் பல நாடுகளின் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ‘ஞாயிறு இரவு மட்டும்’ என்று தமிழில் மூன்று சொற்கள் எழுத எவ்வளவு நேரமாகும்?

இம்மருந்தோடு வேறொரு நாளில் போடும்படி ஃபோலிக் அமில மாத்திரையும் தரப்படுகிறது. அது வயிற்றுப் புரட்டலையும் வாய்ப்புண்ணையும் ஈரலின் சுமையையும் குறைக்கும். இரண்டுமே பெரும்பாலும் மஞ்சள் நிறத்துச் சிறு மாத்திரைகள், உள்ளங்கையில் வைத்தால் வேறுபாடு எளிதில் தெரியாதவை. அவற்றின் மூலக்கூறுகளும் அத்தகைய ஒற்றுமை உடையவை. உயிரணு பெருகுவதற்கு இன்றியமையாத ஃபோலிக் அமிலத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றிச் செய்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட். உடலின் நொதி, அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம், இதனைத் தனக்குரிய பொருளென்றே பற்றி, பின் விட முடியாமல் முடங்குகிறது. ஊட்டமும் அதன் எதிரியும் ஒரே சீட்டில் அடுத்தடுத்து இடம்பெற்ற வரலாறு தமிழ்நாட்டின் ஊர்கள் வழியே செல்கிறது என்பதைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை.

லண்டனைச் சேர்ந்த மருத்துவர் லூசி வில்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்தது, துணியாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களைக் கருவுற்ற காலத்தில் கொன்றுகொண்டிருந்த கடும் இரத்தசோகையின் காரணத்தை அறிவதற்காக. நோய்க்கிருமியைத் தேடியபோது கிடைக்காத விடை, அப்பெண்கள் எதை உண்கிறார்கள் என்று பார்த்தபோது கிடைத்தது. அவர் ஆய்வு பின்னர் குன்னூரின் பாஸ்டர் நிலையத்துக்கும், அங்கிருந்து சென்னைத் திருவல்லிக்கேணியில் மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கும் மகப்பேறு மருத்துவமனைக்கும் வந்தது. ரொட்டியில் தடவி உண்ணப்படும் மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தால் இச்சோகை நீங்கும் என்று அவர் 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பெயரறியாப் பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என இனங்காணப்பட்டது.

கோஷா ஆஸ்பத்திரி இருக்கும் அதே திருவல்லிக்கேணியின் இந்து உயர்நிலைப்பள்ளியில் படித்து, மெட்ரிகுலேஷன் தேர்வை மூன்றாம் முயற்சியில் வென்றவர், 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தி வகுப்புக்குச் சென்றதால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றையே பெற்றார். உண்ட உணவு குடலில் ஏறாமல் கழிந்து இரத்தசோகையில் முடியும் ஸ்ப்ரூ என்னும் நோய்க்குச் சகோதரரைப் பறிகொடுத்தார். தாமும் அதில் நலிந்து ஆயுர்வேத மருத்துவரின் சிகிச்சையால் தேறினார். பின்னர் ஹார்வர்டில் ஆய்வு செய்து, 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவர் வழிநடத்திய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. ஸ்ப்ரூவைத் தீர்க்கும் பொருள்களுள் அதுவும் ஒன்று. அவர் வீட்டில் உயிரைப் பறித்த நோய்க்கு மருந்து கண்ட அதே குழு, அம்மருந்தின் வினையைத் தடுக்கும் பொருள்களையும் படைத்தது. அவற்றுள் அமினாப்டெரின் பாஸ்டனில் சிட்னி ஃபார்பரின் கையில் இரத்தப் புற்றுநோய்ச் சிறுவர்களின் நோயைத் தற்காலிகமாகத் தணித்தது 1948இல் வெளியானது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார். தமிழ்ப் பாடநூல்களில் லூசி வில்ஸுக்கும் சுப்பாராவுக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்கப்பட வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட்டைப் பெறும் தோல் நோயாளி, எங்கோ படித்துவிட்டு ‘இது கேன்சர் மருந்தாமே’ என்று அஞ்சி நிறுத்திவிடுவதுண்டு. அவ்வச்சத்தைப் பழிப்பது முறையன்று. விளக்கிச் சொல்லாதவர்கள்மேல்தான் பழி. புற்றுநோய்க்குத் தரப்படும் பேரளவுக்கும், சொரியாசிஸுக்கு வாரந்தோறும் தரப்படும் ஏறத்தாழ 7.5 முதல் 25 மில்லிகிராமுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. இம்மருந்துக் குடும்பம் தோலுக்கு வந்ததும் தற்செயலாகத்தான்: மூட்டுவாத நோயாளிகளுக்கு அமினாப்டெரின் கொடுத்துப் பார்த்த ரிச்சர்ட் கப்னர், அவர்களுள் சொரியாசிஸும் உடையவருக்குத் தோல் தெளிவதைக் கண்டு 1951இல் அறிவித்தார். நச்சுத்தன்மை குறைந்த மெத்தோட்ரெக்ஸேட் அதன் இடத்தைப் பிடித்தது. ஆயினும் அதையும் நாள்தோறும் கொடுத்த முறைகளில் நோயாளிகளின் ஈரல் பெரிதும் கெட்டது. 1971இல் வெயின்ஸ்டைனும் ஃப்ராஸ்டும் வாரத்துக்கு ஒருமுறை, பன்னிரண்டு மணி இடைவெளியில் மூன்று வேளையாகக் கொடுத்து, தோலின் பிணியணுக்களைத் தாக்கிவிட்டு ஏனைய அணுக்கள் மீள எஞ்சிய நாள்களை விட்டுவைக்கும் முறையை வகுத்தனர். இன்று அந்த மூன்று வேளையும் பெரும்பாலும் ஒரே வேளையாகச் சுருங்கியிருக்கிறது.