வேலிக்கும் தேய்மானக் கணக்கு போடுங்க!

எங்க தாராபுரம், காங்கேயம் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் ஜேசிபி நின்றால், ஒன்று வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள், இல்லாவிட்டால் வேலியைப் பிடுங்குகிறார்கள். தாத்தா காலத்துக் கிளுவை வேலியை வேரோடு நெம்பிக் குவித்துத் தீ வைத்துவிட்டு, அந்த இடத்தில் கழி நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். கேட்டால், "பார்க்கச் சுத்தமா இருக்குதுங்க" என்கிறார்கள். இயற்கை விவசாயத்துக்கு வந்த நம்ம ஆட்களும் இதில் விதிவிலக்கில்லை என்பதுதான் என் வருத்தம்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் நான். எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்பேன். இதற்கு ஆயுசு எவ்வளவு? வருஷா வருஷம் பராமரிப்புக்கு என்ன ஆகும்? டிராக்டருக்கும் மோட்டாருக்கும் இதைக் கேட்கிற நாம், வேலிக்குக் கேட்பதே இல்லை.

முதலில் மரவேலியின் ஆயுசைப் பார்ப்போம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. இரண்டு அடி நீளம், இரண்டு அங்குல கனத்தில் கட்டைகளை அறுத்து, பாதியை மண்ணில் புதைத்து, கரையானும் பூஞ்சையும் எத்தனை மாதத்தில் தின்று முடிக்கின்றன என்று பார்ப்பார்கள். அதற்குப் பெயரே மயானச் சோதனை! அதை வைத்துத்தான் இந்தியத் தர நிர்ணயத்தில் மரங்களை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். 120 மாதமும் அதற்கு மேலும் தாங்கினால் முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் வரை இரண்டாம் வகுப்பு. 60 மாதத்துக்குள் முடிந்துபோனால் மூன்றாம் வகுப்பு. தேக்கின் வைரம் முதல் வகுப்பில் வரும். மாவும் இலவும் மூன்றாம் வகுப்பு. நாம் வேலிக்கு வாங்குகிற சவுக்குக் கழியும் யூகலிப்டஸ் கழியும் வைரம் பாயாத இளங்கட்டைகள். என் தோட்டத்து மண்ணில் அவை மூன்று வருஷம் நின்றாலே பெரிய விஷயம்.

கழி எங்கே ஒடிகிறது என்று கவனித்திருப்பீர்கள். மேலேயும் இல்லை, குழியின் அடியிலும் இல்லை. மண்மட்டத்தில், ஒரு சாண் உயரத்துக்குள்தான் ஒடியும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். ஆழத்தில் ஈரம் இருக்கும், காற்று குறைவு. மேலே காற்று இருக்கும், கட்டை காய்ந்திருக்கும். இரண்டும் சேருகிற இடம் மண்மட்டம். கரையான் ஏறுகிற வழியும் அதுவே. ஆகவே மரவேலியின் பராமரிப்பு என்பது அந்த ஒரு சாணைக் காப்பாற்றுகிற வேலைதான்.

அதற்குப் பழைய ஆட்கள் செய்ததையே நானும் செய்கிறேன். கழியின் பட்டையை முழுக்க உரித்து, நன்றாகக் காயவைத்த பிறகே நட வேண்டும். பட்டையோடு நட்டால் அதனடியில் ஈரம் தங்கும், வண்டும் தங்கும். மூங்கில் என்றால் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அதிலுள்ள மாவுச்சத்து கரைந்துபோனால் உளுப்பது குறையும். குழியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் தேங்காது. கழியின் தலையைச் சாய்வாகச் சீவினால் மழைத்தண்ணீர் வழிந்துவிடும். வசதி இருந்தால் மரத்தை மண்ணிலேயே நடாதீர்கள். கல்லுக்காலை நட்டு, மரத்தை அதில் தரையைத் தொடாமல் கட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தரம் வேலியைச் சுற்றி வந்து, அடியில் சேர்ந்த மண்ணையும் களையையும் ஒதுக்கி, கரையான் மண்கூட்டை உடைத்து, கழியின் அடியைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கத்தி மெத்தென்று இறங்கினால் அந்தக் கழிக்கு நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

மேலே பூச என்ன? பலரும் ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயிலை வாங்கிப் பூசுகிறார்கள். இஞ்சினில் ஓடித் தேய்ந்த ஆயில் அது, கூடவே உலோகத்தையும் கொண்டுவரும். அதை வரப்போரம் ஊற்றிவிட்டு உள்ளே இயற்கை விவசாயம் என்று பலகை மாட்டுவது நியாயமா? மருந்தேற்றிய கட்டை வாங்குகிறவர்கள் என்ன மருந்து என்று கேட்டு வாங்குங்கள். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து ஒன்று உண்டு. அமெரிக்காவில் வீட்டு உபயோகக் கட்டைகளுக்கு அதைப் போடுவதை 2003 கடைசியோடு கம்பெனிகளே நிறுத்திக்கொண்டன. அப்படிப்பட்ட கட்டையை அடுப்பில் வைத்தால் சாம்பலில் ஆர்சனிக் இருக்கும். நமக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் இருக்கிறது. கடலோரத்தில் படகுக்கே பூசிய சரக்கு. கையில் பட்டால் பொத்துவிடும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை செய்தாலும் காய்ந்த மரம் தேய்மானச் சொத்துதான். கணக்கைப் பாருங்கள். சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு சுமார் 835 அடி. எட்டடிக்கு ஒரு கழி என்றால் 104 கழி. ஆயுசு நாலு வருஷம் என்று தாராளமாக வைத்தாலும், வருஷத்துக்கு 26 கழி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது வருஷத்தில் ஐந்து வேலி போட்ட செலவு!

இந்தக் கணக்கை வெள்ளைக்காரனே போட்டுப் பார்த்திருக்கிறான். உப்பு வரிக்காக பஞ்சாப் பக்கமிருந்து ஒடிசா வரை நாட்டின் குறுக்கே ஒரு சுங்க வேலி இருந்தது. ஏழையின் உப்பில் கைவைத்த அந்த வரி கொடுமையானது, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் வேலியில் ஒரு பாடம் இருக்கிறது. முதலில் காய்ந்த முள்ளைக் குவித்துத்தான் வேலி போட்டார்கள். ஒரு மைலுக்கு 250 டன் முள் தேவைப்பட்டது. கரையான், தீ, புயல் என்று போய், வருஷாவருஷம் அதில் பாதியைப் புதுசாகப் போட வேண்டியிருந்தது. 1867-ல் பொறுப்புக்கு வந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பின்னால் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம், இது கட்டாது என்று இலந்தை, களா, கருவேல், கள்ளி என்று உயிருள்ள வேலிக்கு மாறினார். 1879-ல் அந்தச் சுங்கக் கோடே கைவிடப்பட்டது. ராஜாங்கத்துக்கே கட்டுப்படியாகாத காய்ந்த வேலி, நமக்கு எப்படிங்க கட்டும்?

எங்க கொறங்காட்டு மேய்ச்சல் முறை நிற்பதே முள்கிளுவை வேலியின் பலத்தில்தான். கொழுக்கட்டைப் புல், வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை. காங்கேயம் மாடு வளர்ந்தது அதற்குள்தான். இலை உதிர்ந்து நிற்கிற கோடையில் போத்து வெட்டி, சில நாள் நிழலில் போட்டுவைத்து, மழைக்கு முன்னால் நெருக்கி நடுவது எங்க பக்கத்து வழக்கம். அடிக்கு ஒன்று வைத்தால் ஏக்கருக்கு 835 போத்து. பக்கத்து வேலியைக் கவாத்து பண்ணுகிறவரைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார். ஊடே நொச்சி, ஆடாதோடை வைத்தால் பூச்சிவிரட்டிக்கு இலை வேலியிலேயே கிடைக்கும். கிளைரிசிடியா வைத்தால் தழையுரம். தானாக ஏறுகிற பிரண்டை, கோவை, முடக்கத்தான் எல்லாம் சமையலுக்கு.

எதிர்வாதங்களும் இருக்கின்றன, மறைக்கவில்லை. நாலடி அகலத்துக்கு விட்டால் ஏக்கரில் ஏழரை சென்ட் போகும். அரை ஏக்கர்காரருக்கு இது பெரிய இழப்பு. அவர் வருஷம் இரண்டு கவாத்து போட்டு ஒல்லியாக வைத்துக்கொள்ளலாம். பாம்பு வரும் என்ற பயமும் நியாயம்தான். ஆனால் பாம்பு தேடுவது எலியையும் குப்பையையும். கம்பிக்குள்ளும் அது புகும். வீட்டுப் பக்கத்து வேலியில் அடிக்கிளையை ஒரு அடிக்குக் கழித்து, தரையைக் கூட்டி வைத்தால் போதும். காட்டுப்பன்றி வருகிற ஊரில் உயிர்வேலி மட்டும் போதாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நிலத்தை அளந்து, எல்லைக்கு உள்ளே தள்ளி நட்டால் பக்கத்துத் தோட்டக்காரரோடு வழக்கு வராது.

ஆக, மரவேலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போத்து வேர்பிடித்து அடர்ந்து நிற்க மூன்று வருஷம் ஆகும். சவுக்குக் கழியின் ஆயுசும் மூன்று வருஷம். இரண்டையும் ஒரே நாளில் நடுங்கள். கழி மக்குகிறபோது கிளுவை காவலுக்கு வந்திருக்கும். கட்டடத்துக்குச் சாரம் மாதிரிதான் காய்ந்த வேலி. சாரத்தையே வீடு என்று நினைத்துச் செலவு பண்ணாதீர்கள்.

கடைசியாக, என் பழைய தொழிலைப் பற்றி ஒன்று. நான் வேலை பார்த்த வங்கியில் கம்பிவேலிக்குக் கடன் கேட்டு வருகிறவர் கையில் கடைக்காரர் கொடுத்த கொட்டேஷன் இருக்கும். உயிர்வேலிக்குக் கொட்டேஷன் தர யாரும் கடை வைத்திருக்கவில்லை. கொட்டேஷன் இல்லாத வேலிக்கு விண்ணப்பத்தில் இடமும் இல்லை. குழி எடுக்கிற கூலி, முதல் கோடைக்குத் தண்ணீர், மூன்று வருஷக் கவாத்துக்கூலி எல்லாம் செலவு இல்லையா? உயிர்வேலிக்கு ஏக்கர் கணக்கில் செலவுத்தொகை நிர்ணயித்துப் பயிர்க்கடன் மாதிரி கொடுக்க வேண்டும் என்று நம் இயக்கம் கேட்க வேண்டும். மாவட்டக் குறைதீர் கூட்டத்தில் ஒவ்வொரு மாதமும் மனு கொடுப்போம்.

அதுவரை, பக்கத்துத் தோட்டத்தில் ஜேசிபி வந்து நின்றால் ஓடிப்போய் ஒரு வண்டி போத்தாவது கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். எரிந்தபிறகு அந்த வேலியை எந்த வங்கியும் திருப்பித் தராதுங்க.