பாடப்பக்கமும் பிள்ளையின் மனச்சுமையும்: கல்வி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம் என்பதால், தொடக்கநிலை ஒன்றில் தமிழ்ப் பாடநூலைத் திறக்கும் பிள்ளைகள் பலருக்கு அந்த மொழி வகுப்பறையில்தான் முதன்முதலாக முழுமையாக அறிமுகமாகிறது. அவர்களுக்கான பாடப்பக்கம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இம்மடலின் பொருள்.

இதற்கு வழிகாட்டக்கூடியது, ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் சுவெல்லர் 1988இல் முன்வைத்த அறிதற்சுமைக் கோட்பாடு. அது செயல்நினைவின் குறுக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. செயல்நினைவு என்பது, மனம் கையாண்டுகொண்டிருக்கும் செய்திகளைச் சற்று நேரம் தாங்கி நிற்கும் இடம். அதில் ஒரே வேளையில் ஏறத்தாழ நான்கு கூறுகளே நிற்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் மதிப்பிட்டார்.

‘பாட்டி தேக்காவில் கீரை வாங்கினார்’ என்னும் எளிய வரியைப் படிக்கும் பிள்ளை, இந்தச் சிறிய இடத்துக்குள்ளேயே, ‘கீரை’யில் வல்லொலி பெறும் ககரம் ‘வாங்கினார்’ என்பதில் மெல்ல ஒலிப்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் எப்போதாவது காதில் விழும் ‘வாங்குனாங்க’வும் இதுவும் ஒன்றே என்று உணரவும் வேண்டும். இதற்கிடையே ‘கீரை’யின் பொருள் நூலின் கடைசிப் பக்கத்தில் இருந்தால், அதைத் தேடித் திரும்புவதற்குள் வரியின் தொடக்கமே மறந்துபோகிறது. கவனம் இவ்வாறு இரண்டு இடங்களுக்குப் பிளவுபடுவதால் கற்றல் தடைபடுவதைச் சுவெல்லரும் பால் சாண்ட்லரும் சோதனைகளில் காட்டியுள்ளனர். சொல்லுக்கு அடியிலேயே ஒரு கீரைக்கட்டின் படம் இருந்தால் அந்தச் சுமை இல்லை. மின்பாடங்களில் பாடத்தோடு தொடர்பின்றித் திரையோரத்தில் துள்ளும் உருவங்களும், கல்வி உளவியலாளர் ரிச்சர்டு மேயரின் ஆய்வுகள் காட்டுவதுபோல, கற்றலுக்கு இடையூறே.

சுமையைக் குறைப்பது பாடத்தின் தரத்தைக் குறைப்பதாகும் என்ற அச்சம் தேவையற்றது. சான்றாக, 1978இல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்தி, பின்னர் சிங்கப்பூரும் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம், ‘லை’, ‘னை’, ‘றா’ உள்ளிட்ட 13 எழுத்துகளின் தனி வடிவங்களை நீக்கிப் பொது விதிக்குள் கொண்டுவந்தது. அதனால் மொழி ஒரு சொல்லையும் இழக்கவில்லை, பிள்ளைகள் மனனம் செய்ய வேண்டிய விதிவிலக்குகளே குறைந்தன.

எனினும், தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அறிந்த சொல்லுக்கும் விளக்கம் தருவது வீண்சுமையாகும் என்பதால், விளக்கங்கள் நிலைக்கேற்பக் குறைந்துகொண்டே செல்ல வேண்டும். ஆகவே, புதிய பாடநூலோ மின்பாடமோ வெளியாகும் முன், ஆங்கிலம் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளிடம் அதன் மாதிரிப் பக்கங்களைக் கொடுத்து, அவர்கள் எந்த வரியில் தயங்குகிறார்கள், எதற்காகப் பக்கம் புரட்டுகிறார்கள் என்பதை ஆசிரியர்கள் அருகிருந்து குறித்துக்கொள்ளவும், பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலைய ஆசிரியர்களின் அனுபவத்தையும் பெற்று அப்பக்கங்களைத் திருத்தி அச்சிடவும் அமைச்சு ஆவன செய்யுமாறு இம்மடல் பணிவன்புடன் வேண்டுகிறது.