காண்ட்ராக்டில் போன குப்பை! கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது?

சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. சூடு ஆறுவதற்குள் அதை வாபஸ் வாங்கியது. 2024 அக்டோபர் கடைசியில் நடந்த கதை இது.

என்ன தீர்மானம்? மாநகராட்சிக்குச் சொந்தமான 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியார் கையில் கொடுப்பது. பந்து ஆட வருகிறவர் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் கட்ட வேண்டும்!

வியாசர்பாடிப் பையன் 120 ரூபாய்க்கு எங்கே போவான்? கூட்டணிக் கட்சி கவுன்சிலர்களே எழுந்து எதிர்த்தார்கள். வெளியேயும் கூச்சல் கிளம்பியது. மேயர் பிரியா, "கட்டணம் கிடையாது, பழையபடி இலவசம்தான்" என்கிற அறிவிப்பை வெளியிட்டார். விஷயம் முடிந்தது.

பரவாயில்லை, கேட்டால் கிடைக்கிறது என்று ஊர் ஜனங்கள் நினைத்திருந்தால் அதில் தப்பு இல்லை. ஆனால் பத்து மாதம் கழித்து அதே ரிப்பன் மாளிகை வாசலில் வேறு ஒரு காட்சி!

13 நாள் பிளாட்பாரம்

ராயபுரம், திரு.வி.க.நகர் ஆகிய இரண்டு மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையை மாநகராட்சி ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தது. அதுவரை அந்த வேலையைப் பார்த்தவர்கள் சுய உதவிக் குழு என்கிற பெயரில் மாநகராட்சியிடம் சம்பளம் வாங்கியவர்கள். பெரும்பாலும் பெண்கள். கொரோனா நாளிலும் தெருவைக் கூட்டியவர்கள்.

2025 ஆகஸ்ட் 1-ந் தேதி மாளிகை வாசலில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார்கள். தனியார் வேண்டாம், வேலையை நிரந்தரம் ஆக்குங்கள் என்பது கோரிக்கை. 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதியையும் ஞாபகப்படுத்தினார்கள்.

மாநகராட்சியில் அவர்கள் வாங்கியது மாதம் சுமார் 23 ஆயிரம் ரூபாய். கம்பெனிக்குப் போனால் 16, 17 ஆயிரம்தான் வரும் என்பது அவர்கள் கணக்கு. பி.எப்., இ.எஸ்.ஐ., லீவு எல்லாம் கம்பெனியிலும் உண்டு என்று மாநகராட்சி சொன்னது. இருக்கட்டும். மாதா மாதம் 6 ஆயிரம் கையில் குறைந்தால் வாடகைக்கு என்ன செய்வது? பி.எப். ரசீதைக் காட்டினால் வீட்டுக்காரர் விடுவாரா?

சவுகார்பேட்டையிலும் பெரம்பூரிலும் குப்பை மலையாகக் குவிந்தது. கடைக்காரர்கள் மூக்கைப் பொத்திக் கொண்டு வியாபாரம் பார்த்தார்கள். 13-ந் தேதி, அனுமதி இல்லாத இடத்தில் போராட்டம் கூடாது, அப்புறப்படுத்துங்கள் என்று ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அன்று நள்ளிரவே போலீஸ் பஸ்கள் வந்தன. பெண்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கி ஏற்றினார்கள். விடிந்தபோது பிளாட்பாரம் காலி!

மறுநாள் அமைச்சரவை கூடி சலுகைகளை அறிவித்தது. காலை டிபன், இன்சூரன்ஸ், வீடு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி. நவம்பரில் இலவச சாப்பாடும் தொடங்கியது. நல்ல காரியம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர்கள் கேட்டது டிபன் அல்லவே!

அதே ஆகஸ்டில் வழக்கு ஐகோர்ட்டில் முடிவுக்கு வந்தது. தனியாருக்கு விட்டதில் கோர்ட்டு தலையிடவில்லை. ஆனால் கடைசியாக வாங்கிய சம்பளம் குறையக் கூடாது என்றது.

ஓனிக்ஸ் முதல் இன்று வரை

குப்பை தனியாருக்குப் போவது சென்னைக்குப் புதிது அல்ல. 2000-ம் ஆண்டிலேயே ஓனிக்ஸ் என்கிற வெளிநாட்டுக் கம்பெனி வந்தது. இன்றைக்கும் சில வீடுகளில் குப்பை வண்டிக்கு 'ஓனிக்ஸ் வண்டி' என்றுதான் பேர்! 2007-ல் அது போய் இன்னொன்று வந்தது. அதுவும் போனது. கம்பெனி மாறினாலும் முனையில் இருந்த தொட்டி வழிந்து கொண்டேதான் இருந்தது.

ஒரு முக்கியமான சங்கதி. 2020-ல் தேனாம்பேட்டை முதல் சோழிங்கநல்லூர் வரை ஏழு மண்டலங்களில் ஒரு கம்பெனி வேலையை ஆரம்பித்தது. அப்போது சென்னையில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது! 2016 அக்டோபரில் முடிந்த மன்றம், 2022 தேர்தலுக்குப் பிறகுதான் மறுபடி கூடியது. இடையில் எல்லாம் அதிகாரிகள் ராஜ்யம். கேட்பதற்கு நாதி இல்லை.

2022-ல் மன்றம் வந்தது. 200 வார்டில் 153 தி.மு.க.வுக்கே. தீர்மானம் நிறைவேறுவதில் கஷ்டம் இல்லை.

அப்படியானால் மைதானத்துக்கு மட்டும் எப்படி மனசு இளகியது? கணக்குப் பார்த்தால் புரிந்து விடும். மைதானக் கட்டணத்தை விட்டால் மாநகராட்சிக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. குப்பை அப்படி அல்ல. தினம் 5 ஆயிரம் டன்னுக்கு மேல் வாரியாக வேண்டும். வண்டி, டீசல், ஆள் என்று பணம் தண்ணீராக ஓடும்.

அந்தப் பணத்தை யாரிடம் வாங்குவது? 2021 ஜனவரி முதல் வீட்டுக்கு வீடு குப்பைக் கட்டணம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். பழைய சென்னைப் பகுதியில் 1998-க்குப் பிறகு சொத்து வரியைத் தொடவே இல்லை. 24 வருஷம் சும்மா இருந்துவிட்டு 2022-ல் ஒரேயடியாக 50 முதல் 150 சதவீதம் ஏற்றினார்கள். ஜனங்கள் அலறினார்கள். வீட்டுக்காரரிடம் வாங்க பயம். ஓட்டு இருக்கிறதே! கடைசியில் கை வைக்க வசதியாகக் கிடைத்தது விளக்குமாறு பிடித்த கை.

வீட்டுக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. குப்பைக்குக் காசு தர மாட்டேன், தெரு மட்டும் பளிச்சென்று இருக்கணும் என்றால் அந்த வித்தியாசத்தை யாரோ ஒருத்தர் கட்டித்தானே ஆகணும்?

கண்ணகி நகரில் ஒரு விடியற்காலை

ரிப்பன் மாளிகை வாசல் காலியாகி பத்து நாள். 2025 ஆகஸ்ட் 23-ந் தேதி விடியற்காலை. கண்ணகி நகரில் ஒரு துப்புரவுத் தொழிலாளி, வேலைக்காக வீட்டை விட்டுக் கிளம்பினார். வயது 30. இரவு பெய்த மழையில் தெருவில் தண்ணீர் நின்றது. அதில் கால் வைத்தார். பூமிக்கு அடியில் போன மின்சார கேபிளில் கசிவு. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

தெரு மாநகராட்சியுடையது. கேபிள் மின்வாரியத்துடையது. அந்தப் பெண் காண்ட்ராக்ட் கம்பெனி ஆள். மூன்று பேர் சம்பந்தப்பட்ட ஒரு சாவு! இழப்பீடு 20 லட்சம் தரப்பட்டது. மின்வாரியமும் கம்பெனியும் ஆளுக்குப் பாதி.

தொலைபேசியில் 1913 என்று சுழற்றினால் மாநகராட்சியில் புகார் எடுத்துக் கொள்வார்கள். ரிப்பன் மாளிகை திறந்த வருஷமும் 1913-தான். தெருவில் பல்ப் எரியாவிட்டாலும் குப்பை எடுக்காவிட்டாலும் அந்த நம்பரில் சொல்லலாம். சம்பளத்தில் 6 ஆயிரம் குறைந்தால் எந்த நம்பரில் சொல்வது?

வார்டுக்கு வார்டு கவுன்சிலர் இருக்கிறார். 2022-ல் ஏரியா சபை என்று ஒரு ஏற்பாடும் கொண்டு வந்தார்கள். வார்டு ஆபீஸ் சுவரில், அந்த வார்டில் குப்பை அள்ளுகிற கம்பெனியின் பெயர், ஆட்கள் எத்தனை பேர், மாதம் என்ன சம்பளம் என்று ஒரு தாளை ஒட்டச் சொல்ல இவர்களுக்குத் தடை ஏது? ஒட்டுகிற பசைக்கு டெண்டர்கூட வேண்டாம்.